ஒரு கூரை, இரண்டு வாசல்

மேடையில்லாத கூடங்கள் – பகுதி 11

சென்ற பகுதியை இங்கிலாந்தில் நிறுத்தினோம். 1689இல் வந்த சமயப் பொறுதிச் சட்டம் குவேக்கர்களின் கூட்டங்களைச் சட்டத்துக்கு உட்பட்டவையாக ஆக்கியது. அதற்கு முன்பே பிரிக்ஃப்ளாட்ஸ் போன்ற சில கிராமங்களில் அவர்கள் துணிந்து கூட்ட இல்லம் கட்டியிருந்தார்கள் என்பதையும் பார்த்தோம். வில்லியம் பென் தன் பென்சில்வேனியாவுக்கான அரச பட்டயத்தை 1681இலேயே வாங்கிவிட்டதால், சட்டம் வருவதற்குள் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்திருந்தார்கள். இந்தப் பகுதியில் நாமும் கடக்கிறோம். நாம் போக வேண்டிய இடம் நியூயார்க் மாநிலத்தின் மேற்கே, ஒன்டாரியோ கவுண்டியில் இருக்கும் ஃபார்மிங்டன் என்ற வேளாண் ஊர். அங்கே 1816இல் எழுந்த ஒரு மரக் கட்டடம்தான் இந்த முறை நம் பொருள்.

வழியில் பென்சில்வேனியாவின் பக்கிங்காமில் சற்று இறங்கிக்கொள்வோம். ஃபார்மிங்டன் கட்டடத்தின் வடிவம் அங்கிருந்துதான் புறப்பட்டது.

குவேக்கர் வழிபாட்டுக்குக் கட்டடத்திடமிருந்து ஏதும் தேவையில்லை. போதகர் இல்லை, ஆகவே பிரசங்க மேடை இல்லை. அப்பமும் திராட்சரசமும் இல்லை, ஆகவே பீடம் இல்லை. ஞானஸ்நானத் தொட்டி, கோபுரம், மணி, வண்ணக் கண்ணாடி எதுவும் கிடையாது. எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து மௌனமாகக் காத்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து உந்துதல் வந்தால் அவர் எழுந்து பேசலாம். அது ஆணாக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம், கூலியாளாகவும் இருக்கலாம். ஒரு சொல்கூட எழாமல் கலைந்த கூட்டங்களும் உண்டு. இப்படிப்பட்ட வழிபாட்டுக்கு மாட்டுக் கொட்டில்கூடப் போதும். தொடக்கத்தில் அப்படித்தான் கூடினார்கள்.

கட்டடத்தை வடிவமைத்தது வழிபாடு அல்ல, நிர்வாகம். குவேக்கர்கள் மாதந்தோறும் சபைக் காரியங்களைப் பேசக் கூடுவார்கள். ஏழைகளுக்கு உதவி, திருமணத்துக்கு ஒப்புதல், ஒழுக்கம் தவறியவர்களை விசாரிப்பது, ஊர் மாறிப் போகிறவர்களுக்குச் சான்றிதழ் என்று ஏராளமான வேலை. இவற்றை ஆண்களும் பெண்களும் தனித்தனியே கூடிப் பேச வேண்டும் என்பது குவேக்கர் சபையை நிறுவிய ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்தில் வேரூன்றிய ஏற்பாடு. அதாவது ஒரே நேரத்தில் இரண்டு கூட்டம் நடக்க வேண்டும், ஆனால் வழிபாட்டுக்கு எல்லோரும் ஒரே கூடத்தில் இருக்க வேண்டும். இதை எப்படிக் கட்டுவது?

இங்கிலாந்தில் பெண்களுக்கு ஒரு சிறிய அறையை ஒட்டுப்போட்டார்கள், அல்லது மேல்மாடத்தை மறைத்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவிலும் முதலில் அதே கதைதான்: பெரிய அறை ஆண்களுக்கு, பக்கவாட்டுச் சிற்றறை பெண்களுக்கு. 1768இல் பக்கிங்காமின் பழைய கல் கட்டடம் தீயில் போனது. அதே ஆண்டில் புதிதாகக் கட்டியபோது அந்த ஊர்க்காரர்கள் கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். நீள்சதுரக் கட்டடம், நீளமான முகப்பில் இரண்டு வாசல், இரண்டும் ஒரே அளவு. உள்ளே நடுவில் பலகைத் தடுப்பு. தடுப்பின் இருபுறமும் அறை, பெஞ்சு, சன்னல், அடுப்பு எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றே. அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கக் குவேக்கர்கள் எங்கே குடியேறினாலும் இந்த வடிவத்தைத்தான் கூடவே எடுத்துச் சென்றார்கள். கட்டியவர்கள் பெண்விடுதலை பேசியவர்கள் அல்லர். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு இடம் வேண்டும் என்ற நடைமுறைக் கணக்கே அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால் சுண்ணாம்பும் கல்லும் காய்ந்த பிறகு, பெண்களின் பாதி ஆண்களின் பாதிக்குச் சமம் என்பது ஊரார் கண்ணில் தினமும் படும் செய்தி ஆகிவிட்டது.

இனி ஃபார்மிங்டன்.

1788இல் ஆலிவர் ஃபெல்ப்ஸ், நதானியேல் கோரம் என்ற இரு நில வணிகர்கள் மேற்கு நியூயார்க்கில் செனெகா என்ற பூர்வகுடி மக்களின் பெரும் நிலப்பரப்பைக் கைமாற்றிக்கொண்டார்கள். ஓராண்டிலேயே மாசசூசெட்ஸின் ஆடம்ஸ் ஊரிலிருந்து குவேக்கர் குடும்பங்கள் அதில் ஒரு பங்கை வாங்கிப் புறப்பட்டன. 1790இல் ஃபார்மிங்டன் ஊராகிவிட்டது. ஆடம்ஸ் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். முப்பது ஆண்டு கழித்து, 1820இல், அதே ஊரில் ஒரு குவேக்கர் வீட்டில்தான் பின்னாளில் பெண்ணுரிமைத் தலைவரான சூசன் பி. ஆன்டனி பிறந்தார்.

செனெகாக்களின் நிலத்தில் குவேக்கர்கள் உட்கார்ந்ததை இந்தத் தொடர் பூசி மெழுகப்போவதில்லை. விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் விற்றவர்களின் உரிமை எப்படி வந்தது என்று கேட்டதாகத் தெரியவில்லை. அதே சமயம், வெள்ளையரில் யாரை நம்பலாம் என்று செனெகாக்கள் யோசித்தபோது அவர்களுக்குத் தோன்றிய பெயரும் குவேக்கர்தான். 1794இல் ஃபார்மிங்டனுக்குப் பக்கத்திலுள்ள கனன்டைகுவாவில் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் பேச, செனெகாக்களும் அடங்கிய ஆறு இனக் கூட்டமைப்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். குவேக்கர்கள் உடனிருக்க வேண்டும் என்று கேட்டதும் அவர்களே. பிலடெல்பியாவிலிருந்து வில்லியம் சேவரி, டேவிட் பேகன், ஜான் பாரிஷ், ஜேம்ஸ் எம்லன் என்ற நால்வர் வந்து வாரக்கணக்கில் இருந்தார்கள். நவம்பர் 11 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஃபார்மிங்டனில் முதலில் மரத்தண்டுகளை அடுக்கிய ஒரு கூட்ட இல்லம் இருந்தது. அது எரிந்துபோக, 1804இல் சட்டமரத்தில் ஒன்று கட்டினார்கள். ஊர் வளர்ந்த வேகத்துக்கு அதுவும் போதவில்லை. 1816இல் அதன் அருகிலேயே இன்னும் பெரிதாக ஒன்று எழுந்தது.

கல் கிடைத்த பென்சில்வேனியாவில் பக்கிங்காம் கல்லால் ஆனது. காடு வெட்டிக் குடியேறிய ஃபார்மிங்டனில் மரம். கனத்த தூண்களையும் உத்தரங்களையும் தரையில் கிடத்தியே கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, மர ஆணி அடித்து, முழுச் சட்டமாக ஆட்கள் கூடித் தூக்கி நிறுத்தும் முறை அந்தக் காலத்து அமெரிக்கக் கிராமத் தச்சர்களுடையது. களஞ்சியம் கட்டத் தெரிந்த ஊருக்குக் கூட்ட இல்லம் கட்டவும் தெரியும். எலும்புக்கூடு இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டு அடுக்கு உயரம், மேலே மாடங்கள், வெளியே வெறும் பலகைச் சுவர்.

உள்ளே நுழைபவர் முதலில் கவனிப்பது பெஞ்சுகள் பார்க்கும் திசையாக இருக்கும். வாசல்களுக்கு எதிர்ச் சுவரை ஒட்டி, படிப்படியாக உயர்ந்த சில வரிசைகள் கூட்டத்தைப் பார்த்தபடி இருக்கும். பேசும் வரம் பெற்றவர்கள் என்று சபை ஏற்றுக்கொண்ட ஊழியர்களும் மூப்பர்களும் அமரும் இடம் அது. ஆண் ஊழியர்கள் ஆண்கள் பக்கம், பெண் ஊழியர்கள் பெண்கள் பக்கம். குவேக்கர் சமத்துவத்தில் ஏற்றத்தாழ்வு எதுவும் இருந்தது என்றால் அந்த உயர்ந்த வரிசைகளில்தான் இருந்தது. 1848இல் வெடித்த தகராறில் அவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

நடுத்தடுப்பு, கூட்ட இல்லத்தின் ஒரே இயந்திரம். சில ஊர்களில் பலகைகளை மேலே தூக்குவார்கள், சிலவற்றில் பக்கவாட்டில் தள்ளுவார்கள். வழிபாட்டின்போது திறந்திருக்கும். வழிபாடு முடிந்து நிர்வாகக் கூட்டம் தொடங்கும்போது மூடுவார்கள். அப்போது ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மன்றங்கள்.

மூடிய தடுப்புக்கு இந்தப் பக்கம் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெண்கள் கூட்டத்துக்குத் தனி எழுத்தர் உண்டு, அவரும் பெண்தான். குவேக்கர் எழுத்தர் வெறுமனே எழுதுபவர் அல்லர். கூட்டத்தை நடத்துபவர் அவரே. வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் பேசிய பிறகு கூட்டத்தின் கருத்து எந்தப் பக்கம் திரள்கிறது என்று எழுத்தர் கணித்து, அங்கேயே குறிப்பேட்டில் எழுதி, உரக்கப் படித்து, ஒப்புதல் கேட்பார். ஒருவர் உறுதியாக மறுத்தால் விஷயம் அடுத்த மாதத்துக்குப் போகும். பெண்களே குழு அமைத்தார்கள், பணம் திரட்டினார்கள், கணக்கு வைத்தார்கள், மற்ற ஊர்ப் பெண்கள் கூட்டங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு திருமண விண்ணப்பம் வந்தால், பெண்ணுக்கு வேறு வாக்குறுதி எதுவும் இல்லையா என்று விசாரிக்க இரண்டு பெண்கள் நியமிக்கப்படுவார்கள். முடிவான காகிதத்தோடு தூது செல்பவர் தடுப்பைத் தாண்டி ஆண்கள் பக்கம் போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவில் திருமணமான பெண்ணின் சொத்து கணவனுடையது. அவளுக்கு வாக்கு இல்லை. கலப்புக் கூட்டத்தில் வாய் திறந்தால் அவதூறு. அந்த நாட்டில் ஒரு விவசாயி மனைவி மாதம் ஒருமுறை இப்படி ஒரு மன்றத்தை நடத்தினாள். தலைமுறை தலைமுறையாக நடத்தினாள். பின்னால் பெண்ணுரிமை இயக்கத்தில் குவேக்கர் பெண்கள் ஏன் இத்தனை பேர் என்று வரலாற்றாசிரியர்கள் வியப்பதுண்டு. கூட்டம் நடத்தும் கலை அவர்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது. அறைகள் சமம், அதிகாரம் சமமில்லை. பெண்கள் கூட்டம் ஓர் உறுப்பினரை நீக்கவோ சேர்க்கவோ ஆண்கள் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். ஆண்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆண்கள் பக்கத்துக்குச் சமமான பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இந்த வேறுபாடு மற்ற சபைப் பெண்களைவிடச் சீக்கிரம் உறுத்தியதில் ஆச்சரியமில்லை.

கட்டடம் எழும்பிய ஆண்டுகளில் ஃபார்மிங்டனுக்கு வந்து சேர்ந்த ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்டின் ஸ்டூவர்ட், வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானர் நியூயார்க்குக்குக் கூட்டி வந்த பிறகு, அடிமை ஒழிப்புச் சங்கத்தில் இருந்த டென்னிஸ் காம்ஸ்டாக்கை நாடி, தன்னை விடுவித்துக்கொள்ளச் சட்டத்தில் வழியிருப்பதை அறிந்தார். ஃபார்மிங்டனில் ஓட்டிஸ் காம்ஸ்டாக்கின் பண்ணையில் வேலை செய்தபடி, இருபது வயதைக் கடந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றார். 1817இல் ராச்செஸ்டரில் சொந்தக் கடை திறந்தார். 1827 ஜூலையில் நியூயார்க் மாநிலம் அடிமை முறையை முற்றாக ஒழித்தபோது ராச்செஸ்டர் விழாவில் உரையாற்றியவர் அவரே. 1857இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். குவேக்கர்கள் எல்லா ஊரிலும் இப்படி நடந்துகொள்ளவில்லை. பிலடெல்பியாவின் ஆர்ச் தெருக் கூட்ட இல்லத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெஞ்சு ஒதுக்கியிருந்ததைப் பற்றி ஆசிரியை சாரா மாப்ஸ் டக்ளஸ் கசப்போடு எழுதியிருக்கிறார். பெஞ்சுகள் சமத்துவத்தையும் கற்றுத்தரும், அதற்கு எதிரானதையும் கற்றுத்தரும்.

1827–28இல் அமெரிக்கக் குவேக்கர் உலகம் இரண்டாகப் பிளந்தது. லாங் ஐலண்டு விவசாயி எலியாஸ் ஹிக்ஸ், வேதநூலைவிட உள்ளொளியே முதன்மை என்று போதித்தார். வேதத்தையும் கோட்பாட்டையும் முன்வைத்தவர்கள் அவரை எதிர்த்தார்கள். நுணுக்கங்களை 8ஆம் பகுதியில் பார்த்துவிட்டதால் இங்கே வேண்டாம். ஃபார்மிங்டனில் 1816 கட்டடம் ஹிக்ஸ் தரப்புக்குப் போனது. மற்றவர்கள் பழைய 1804 கட்டடத்தில் இருந்துகொண்டார்கள். ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூட்ட இல்லம். 1834இல் ஹிக்ஸ் தரப்பினர் மேற்கு நியூயார்க், மிச்சிகன், மேல் கனடா மூன்றையும் சேர்த்து ஜெனசீ ஆண்டுக்கூட்டம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். ஒவ்வொரு ஜூனிலும் அந்தப் பெரும் பரப்பிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் ஃபார்மிங்டனில் வந்து இறங்கினார்கள்.

1838இல் செனெகாக்கள் மறுபடியும் கதவைத் தட்டினார்கள். பஃபலோ கிரீக் ஒப்பந்தம் என்ற பெயரில், எஞ்சியிருந்த நான்கு இருப்பிடங்களையும் 2,02,000 டாலருக்கு ஆக்டன் நிலக் கம்பெனிக்கு விட்டுவிட்டு மிசிசிப்பிக்கு மேற்கே போய்விட வேண்டும் என்றது அரசு. தலைவர்கள் சிலருக்கு லஞ்சமும் சாராயமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஹிக்ஸ் தரப்பின் ஜெனசீ, நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் ஆண்டுக்கூட்டங்கள் கூட்டுக் குழு அமைத்து, சாட்சியங்களைத் திரட்டி, 1840இல் அச்சிட்டு வெளியிட்டன. 1842இல் ஒரு சமரச ஒப்பந்தம் வந்தது. அலிகேனி, கட்டராகஸ் இரண்டும் மிஞ்சின. பஃபலோ கிரீக்கும் டோனவாண்டாவும் கைவிட்டுப் போயின. டோனவாண்டா மக்கள் குவேக்கர்கள் செய்த சமரசத்தை ஏற்காமல் தனியே போராடி, 1857இல் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை விலைக்கே திரும்ப வாங்கினார்கள். குவேக்கர் உதவியைப் புகழ்பவர்கள் இந்தப் பின்பாதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இப்போது 1848 ஜூன்.

அந்த ஆண்டு ஃபார்மிங்டனுக்கு வந்தவர்களில் பிலடெல்பியாவின் குவேக்கர் ஊழியர் லுக்ரீஷியா மாட்டும் ஒருவர். கூட்டத்தில் மூன்று பூசல்கள் ஒன்றாகக் கொதித்தன. அடிமை ஒழிப்புக்காகச் சபைக்கு வெளியே உள்ளவர்களோடு கைகோக்கலாமா என்பது ஒன்று. ஆண்கள் கூட்டமும் பெண்கள் கூட்டமும் எல்லாவற்றிலும் சம அதிகாரம் உள்ளவையா என்பது இன்னொன்று. உயர்ந்த வரிசைகளில் அமரும் ஊழியர்–மூப்பர்களுக்கு மற்றவர்கள்மேல் அதிகாரம் உண்டா என்பது மூன்றாவது. மிச்சிகன் காலாண்டுக்கூட்டம் ஊழியர்–மூப்பர் தனிக்கூட்டமே வேண்டாமென்று நிறுத்தியிருந்தது. ஆண்டுக்கூட்டம் அதை ஏற்க மறுத்தது. ஏறத்தாழ 200 பேர் எழுந்து வெளியேறினார்கள். அக்டோபரில் அதே ஃபார்மிங்டனில் மறுபடி கூடி, தாமஸ் மெக்ளின்டாக் எழுதிய அமைப்பு அறிக்கையை ஏற்றார்கள். அவர்களின் புதிய சபையில் ஊழியர் தனிக்கூட்டம் இல்லை. ஆண்களும் பெண்களும் தடுப்பில்லாமல் ஒன்றாகவே காரியங்களைப் பேசினார்கள்.

ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில்தான் செனெகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாடு வருகிறது. லுக்ரீஷியா மாட் ஃபார்மிங்டனிலிருந்து கட்டராகஸ் செனெகாக்களிடம் போனார், கனடாவில் தப்பி வந்த அடிமைகளின் குடியிருப்புகளைப் பார்த்தார், பிறகு ஆபர்னில் இருந்த தங்கையிடம் வந்தார். ஜூலை 9 அன்று வாட்டர்லூவில் ஜேன் ஹன்ட் வீட்டில் தேநீருக்கு அமர்ந்த ஐந்து பெண்களில் எலிசபெத் கேடி ஸ்டான்டன் தவிர மற்ற நால்வரும் குவேக்கர் வட்டத்தினர். அங்கே திட்டமிட்டபடி ஜூலை 19, 20 தேதிகளில் செனெகா ஃபால்ஸ் வெஸ்லியன் சேப்பலில் மாநாடு. அதன் பெண்ணுரிமைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 100 பேரில் மிகப் பெரிய சமயக் குழு, ஃபார்மிங்டன் ஆண்டுக்கூட்டத்தைச் சேர்ந்த இந்தக் குவேக்கர்கள்தான்.

ஒரு விசித்திரம். அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் லுக்ரீஷியாவின் கணவர் ஜேம்ஸ் மாட். தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம் நடத்திப் பழகிய பெண்களுக்கும், ஆண்களும் இருக்கும் சபையில் தலைமை நாற்காலி கூச்சமாகவே இருந்தது. இரண்டு வாரம் கழித்து ராச்செஸ்டரில் நடந்த மாநாட்டில் அபிகெயில் புஷ் என்ற பெண் தலைமை வகிக்க முன்வந்தபோது, ஸ்டான்டனும் மாட்டும்கூட முதலில் தயங்கினார்கள். அபிகெயில் புஷ் நன்றாகவே நடத்தி முடித்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் செனெகா மக்கள், குவேக்கர்களின் ஊக்குவிப்போடு, பரம்பரைத் தலைவர் முறையை விட்டுத் தேர்தல் வழி அரசை அமைத்தார்கள். நிலம் விற்க வேண்டுமானால் தாய்மாரில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்று அந்த அரசமைப்பில் எழுதினார்கள். ஆனால் தலைவர்களை நியமிக்கவும் நீக்கவும் குலத் தாய்மாருக்கு இருந்த பழைய உரிமை போய்விட்டது. வாக்குரிமை ஆண்களுக்கு மட்டும். ஆண்–பெண் சமத்துவத்துக்காகத் தங்களுக்குள் பிளந்துகொண்டவர்களின் நண்பர்கள், இன்னொரு மக்களின் பெண்களிடமிருந்து ஏற்கெனவே இருந்த அதிகாரம் போவதற்குத் துணைநின்றார்கள் என்பதே என் கணிப்பு.

பிறகு கட்டடத்தின் கதை இறங்குமுகம். ஆட்கள் மேற்கே போனார்கள், சபை சுருங்கியது. 1927இல் ஒரு விவசாயிக்கு விற்றார்கள். அவர் அதைச் சாலையோரத்திலிருந்து தன் நிலத்துக்குள் நகர்த்திக் களஞ்சியமாக வைத்துக்கொண்டார். 2006இல் அடித்த புயல்காற்றில் ஒரு பக்கச் சுவர் சரிந்து இடிக்கப்பட இருந்தபோது, உள்ளூர்க்காரர்கள் கூடித் தடுத்தார்கள். அடுத்த ஆண்டு தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது; 2011இல் மறுபடியும் நகர்த்தி, குவேக்கர் கல்லறைத் தோட்டத்துக்கு அருகே நிறுத்தினார்கள்.

செனெகா ஃபால்ஸின் வெஸ்லியன் சேப்பல் இதைவிடப் புகழ்பெற்றது. ஆனால் அது கார் விற்பனைக் கடையாகவும் சலவைக் கடையாகவும் மாறி, 1980இல் தேசியப் பூங்கா அமைத்தபோது பழைய கட்டடத்தில் மிஞ்சியது சில சுவர்த் துண்டுகளும் கூரைப் பகுதியும்தான். களஞ்சியமாகக் கிடந்த ஃபார்மிங்டனின் மரச்சட்டம் பெருமளவு முழுதாகத் தப்பியது. பெண்ணுரிமை வரலாற்றில் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருப்பவர்கள் ஃபார்மிங்டனுக்கே போகலாம். மாநாட்டுக்கு முந்தைய முப்பது ஆண்டுப் பயிற்சி நடந்த இடம் அது.

அடுத்த பகுதியில் வாட்டர்லூ: மெக்ளின்டாக் வீட்டு முன்னறையில், 1848 ஜூலை 16 ஞாயிற்றுக்கிழமை, பிரகடனத்தை எழுதி முடித்த கதை.